எக்ஸ்ப்ளோரர் 130: சாலிஸ்பரியில் கால்நடையாகச் சுற்ற உதவிய வரைபடம்

மகள் பணிபுரியும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் கோடைக்காலத்தில் இரண்டரை மாதம் தங்கிவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியபோது, நான் துணிகளுக்கு நடுவே வைத்துக் கசங்காமல் கொண்டுவந்தது ஒரு காகித வரைபடத்தை. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 130 என்ற எண்ணுள்ள தாள் அது. சாலிஸ்பரி நகரமும் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டமும் அதற்குள் வருகின்றன. பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து சென்று வரும் பெற்றோர் நம் கடற்கரை ஊர்களில் இப்போது பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் சன்னலருகே உட்கார்ந்து பொழுதைக் கழித்ததாகவே அவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பிரிட்டன் முழுவதையும் 403 தாள்களில் அடக்கியிருக்கிறது இந்த வரிசை. ஆரஞ்சு நிற அட்டை, 1:25,000 அளவு, அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது தாளில் 4 சென்டிமீட்டர். இந்த அளவில் வயல்களின் வேலி வரப்புகூட மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிகிறது. வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லாத வயல்வெளியில் நின்றுகொண்டு, "மூன்றாவது வேலியைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும்" என்று உறுதியாகச் சொல்ல முடிவது இதனால்தான். மொழி சரியாக வராத, யாரையும் நிறுத்தி வழி கேட்கத் தயங்குகிற என் மனைவி, இரண்டாவது வாரத்திலிருந்து தானே தாளைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இந்தத் தாளின் உண்மையான மதிப்பு அதிலுள்ள பச்சைக் கோடுகளில் இருக்கிறது. சிறு சிறு பச்சைத் துண்டுகளாக ஓடும் கோடு, பொதுமக்கள் நடந்து செல்லச் சட்டப்படி உரிமையுள்ள பாதை. நிலம் தனியாருடையதாக இருக்கலாம். கோதுமை விளைந்து நிற்கலாம். ஆனாலும் அந்தக் கோட்டின்மேல் யாரும் நடக்கலாம், தடுக்க முடியாது. 1949-இல் வந்த சட்டம் இப்பாதைகளையெல்லாம் கணக்கெடுத்துப் பதிவு செய்ய வழிவகுத்தது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழுதுவிட்டால், அதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மீண்டும் நடக்கத் தக்கதாகச் செய்து தர வேண்டியது நிலத்துக்காரரின் கடமை. முதல்முறை ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தை ஒட்டியே பாதை செல்வதைக் கண்டு நாங்கள் தயங்கி நின்றோம். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தது, தாளில் பச்சைக் கோடு இருந்தது. களத்தில் நின்ற பெரியவர் கையசைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். பனங்காட்டில் கால்வைப்பதற்கு முன்னால் இது யார் விளை, யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று யோசித்தே பழகிய எனக்கு அந்தக் கையசைப்பு மறக்க முடியாதது.

முதலில் செல்ல வேண்டிய நடை, சாலிஸ்பரி பேராலயத்திலிருந்து பழைய சேரம் (ஓல்ட் சேரம்) மேட்டுக்கு. தாளில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரும்புக் காலத்து மண்கோட்டைக்குள் நார்மானியர்கள் ஓர் அரண்மனையும் 1092-இல் ஓர் ஆலயமும் எழுப்பிய இடம் அது. பின்னர் ஊரே கீழே இறங்கி, 1220-இல் இப்போதைய பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கியது. 123 மீட்டர் உயரமுள்ள அதன் கூர்ங்கோபுரம்தான் பிரிட்டனிலேயே உயரமானது. குடியிருப்பே இல்லாமல் போன இந்தப் பழைய சேரம், 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தையும் அதோடு ஒட்டிய செல்வாக்கையும் விலைக்கு வாங்கியவர், 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட். மேட்டின் அடியில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர்ட் கிராமத்து ஆலயக் கோபுரத்தில் அவருடைய பெயரும் 1711 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்திய நான், பாடநூலில் ஒரு வரியாகக் கடந்து போன பெயரை அங்கே அண்ணாந்து படித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதே மேட்டருகே சாலையோரத்தில் ஒரு கல் இருக்கிறது. 1794-இல் அங்கிருந்து பீக்கன் குன்று வரை, ஏறக்குறைய 11 கிலோமீட்டர், ஆர்ட்னன்ஸ் சர்வே ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளந்ததை அது சொல்கிறது. என் கையிலிருந்த தாளின் வேர் அந்த அளவையில்தான் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1802-இல், லாம்டன் என்ற அதிகாரி சென்னைப் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியைப் பிடித்து இதே முறையில் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டார்.

ஸ்டோன்ஹெஞ்ச் நடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் முதலில் இணையத்தில் ஒரு பழைய பொருள் விற்பனையாளரிடம் மலிவாக வாங்கிய தாள், பதிப்பாண்டைக் குறிப்பிடாமல் விற்கப்பட்ட மிகப் பழைய பதிப்பு. கற்களை உரசிக்கொண்டு செல்வதாக அதில் காட்டியிருந்த நெடுஞ்சாலை 2013-இலேயே மூடப்பட்டுப் புல்வெளியாகிவிட்டது. அதை நம்பிப் புறப்பட்டு, இல்லாத சாலையைத் தேடி ஒரு பிற்பகலை இழந்தோம். ஆகவே புதிய பதிப்பையே வாங்குங்கள். விலை ஸ்டோன்ஹெஞ்ச் நுழைவுச்சீட்டை விடக் குறைவு. புதிய தாளோடு, அருகிலுள்ள பழங்கால இடங்களான வுட்ஹெஞ்சிலிருந்து டரிங்டன் மண்சுவர் வழியாகக் கற்களை நோக்கி ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்தால், வழியெல்லாம் கட்டணமில்லை. சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி 1895-இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. கற்களையும் வேலிக்கு வெளியே பாதையில் நின்று பார்க்கலாம். அருகில் செல்லத்தான் சீட்டு வேண்டும்.

தொல்பொருள் இடங்களின் பெயர்களை இந்தத் தாளில் பழைய கோதிக் எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஈமக் குழி மேடுகள் ஒவ்வொன்றும் அப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கற்களைவிடப் பழமையான, 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள ஒரு மண்வரப்பும் கூட. தரையில் நின்று பார்த்தால் அது மாடு மேயும் புல்வெளிதான். தாள் சொல்வதால்தான் கண்ணுக்குப் படுகிறது. நம் அழகன்குளத்துக் கோட்டைமேட்டில் ரோமானியக் காசுகளும் கப்பல் கீறிய பானையோடும் கிடைத்தன. ஆனால் பேருந்தில் அந்த வழியே போகிறவருக்கு அதைக் காட்டிக் கொடுக்கும் தாள் எதையும் நான் கண்டதில்லை.

தோட்டங்களுக்கு நீலநிறப் பூச்சின்னம். அதைப் பின்பற்றித்தான் ஏவன் ஆற்றோரமாக உட்ஃபோர்ட் பள்ளத்தாக்கிலுள்ள ஹீல் தோட்டத்துக்குப் போனோம். 1651-இல் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த வீடு அது. பிற்காலத்தில் ஜப்பானில் தூதரகப் பணியாற்றிய லூயி கிரெவில் என்பவர் அங்கே நீரோடையின்மேல் ஒரு தேநீர்க் குடிலையும் சிவப்புப் பாலத்தையும் அமைத்தார். திறந்திருக்கும் நாட்களைத் தாள் சொல்லாது. புறப்படும் முன் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மற்றக் குறைகள் சிறியவை. காகிதப் பதிப்பு மழை தாங்காது; நனையாத பதிப்பு தனியாக விற்கிறது, விலை அதிகம். விரித்தால் இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அகலம் என்பதால், போக வேண்டிய பகுதி மட்டும் மேலே தெரியும்படி வீட்டிலேயே மடித்துக்கொள்வது நல்லது. வடக்கு ஓரத்தில் ராணுவப் பயிற்சி நிலம் அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளோடு வரும் ரகசிய எண்ணைச் சுரண்டிக் கைபேசியிலும் இதே வரைபடத்தை இறக்கிக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்தபின் ஒரு மாலை, கச்சான் காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்து இதைத் திண்ணையில் விரித்திருந்தேன். கடலுக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து, சமவுயரக் கோடுகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எத்தனை பாகம், வாத்தியாரே?" என்று கேட்டார். பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் கணக்கு. இது ஆழமல்ல, உயரம், கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் என்றேன். "அப்ப கோடு நெருங்குற இடத்துல மூச்சு வாங்கும்" என்று சட்டென்று சொன்னார். தாளை அவர் படித்த வேகம் எனக்கு வந்ததில்லை.

அவரும் நானும் இப்போது திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக் கடல் வரை செல்லும் வழியை, கிலோமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் என்ற அதே கணக்கில், வரைபடத்தாளில் வரைந்துகொண்டிருக்கிறோம். ஊருணிகளையும், உடைமரக் காட்டையும், பனைகளுக்கு நடுவே கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளையும் அவர் நினைவிலிருந்தே சொல்கிறார். அந்தப் பாதைகளில் எவற்றில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதைச் சொல்ல இருவராலும் முடியவில்லை. அதனால் பச்சை மை தொடாமல், எல்லாவற்றையும் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறோம்.