மொட்டை மாடியா, பள்ளிக்கரணையா? சென்னையில் பறவை பார்க்க எது சரி?

"பறவை பார்க்கத் தொடங்கணும், எங்கே போகலாம்?" என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் பள்ளிக்கரணை என்பார்கள். தப்பில்லை. ஆனால் மடிப்பாக்கத்தில், அந்தச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், நான் பறவைகளைக் கற்றுக்கொண்டது வீட்டு மொட்டை மாடியில்தான். இரண்டையும் ஏழெட்டு வருடமாகப் பார்த்து வருவதால், எது எதற்கு உதவும் என்று சொல்ல முடியும் என நினைக்கிறேன்.

முதலில் பள்ளிக்கரணை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒருநாள் காலை ஆறரைக்கு ரேடியல் ரோட்டோரம் போய் நில்லுங்கள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி என்று இமயமலைக்கு அப்பாலிருந்து வந்த வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஓரத்தில் நம்மூர் நீலத் தாழைக்கோழி, கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, கரும்பைக் கடிப்பதுபோலக் கடித்து உரித்துத் தின்னும். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் ஒரே பார்வையில் அகப்படும். தண்ணீர் வற்ற வற்றப் பூநாரைகளும் சேரும். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், சுமார் 1,250 ஹெக்டேர். இத்தனை பெரிய நகரத்துக்குள் இப்படி ஒரு இடம் மிச்சமிருப்பதே பெரிய கொடுப்பினை.

சிரமம் என்னவென்றால், பறவைகள் தூரத்தில் இருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலராவது வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும்தான் மிஞ்சும். ஒன்பது மணி தாண்டினால் வெயிலில் காட்சி நடுங்க ஆரம்பிக்கும். முதுகுக்குப் பின்னால் லாரிகள். காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைக்கிடங்கின் நாற்றம். அதைவிடப் பெரிய சிரமம் புதியவர்களுக்குத்தான். ஒரே நேரத்தில் நாற்பது இனங்களைக் காட்டினால் மனதில் ஒன்றும் நிற்காது. வீட்டுக்கு வந்தபின் பூநாரை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மாடியில் எண்ணிக்கை குறைவு. என் நோட்டில் இத்தனை வருடத்தில் அறுபது இனங்கள்கூடத் தேறவில்லை. ஆனால் பருவம் மாறுவது மாடியில்தான் தெரியும். தினமும் அதே இடத்தில் நின்று அதே முருங்கையைப் பார்ப்பதால், புதிதாக ஒன்று வந்தாலும் தெரியும், இருந்த ஒன்று காணாமல் போனாலும் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் ஆண் குயில் குரல் எடுக்கும். கோடையில் அதன் குஞ்சுக்குக் காக்கை வாய் நிறைய இரை கொண்டுவந்து ஊட்டும். மழைக்காலம் நெருங்கும்போது தட்டான்கள் தலைக்கு மேலே கூட்டமாகச் சுற்றும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று எங்கள் வீட்டில் பாட்டி சொல்வார்.

செப்டம்பரில் பழுப்புக் கீச்சான் வரும். பக்கத்துக் காலி மனையில் ஒரு வேலிக்கருவை இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதன் அதே கிளையில் வந்து உட்கார்ந்து, கரகரவென்று கத்தி இடம் பிடிக்கும். குளிர்காலத்தைக் கழித்த அதே இடத்துக்கே மறுவருடமும் திரும்பி வரும் பழக்கம் கீச்சானுக்கு உண்டு. அதனால் அது பழைய பறவையேதான் என்று நான் நம்பினேன். 2021-ல் அந்த மனையில் வீடு எழும்பியது. அந்த செப்டம்பரில் ஒருநாள் காலையில் கத்தல் கேட்டது, மறுநாளிலிருந்து இல்லை. வாரம் ஒருமுறை பள்ளிக்கரணைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தால் இந்த இழப்பு எனக்குத் தெரிந்தே இருக்காது.

கூடு கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் வீடுதான் வசதி. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு எங்கள் துணிக்கொடிக் கம்பியில் கூடு கட்டியது. பெண் சிட்டுதான் கட்டியது. ஆண் சும்மா கூடவே வந்துபோனது. நார், காய்ந்த புல், அதன் மேல் சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம். முடிந்தபோது, ஒட்டடை தொங்குவதுபோலத்தான் இருந்தது, பக்கவாட்டில் ஒரு சின்ன வாசலோடு. குஞ்சுகள் பறக்கும்வரை துணியெல்லாம் வராந்தாவில் காய்ந்தது.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் முடிந்து தெற்கே இறங்கும் வழியில், இரவில் பறந்து களைத்து, நகரத்து வீடுகளுக்குள் வந்து விழும். ஒருமுறை எங்கள் மாடிப்படி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, அதன் நெஞ்சு படபடப்பது விரலில் தெரிந்தது. இப்படி நடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். காயம் இல்லையென்றால் தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். நாங்கள் சாயங்காலம் விட்டோம். மாமரத்தடிச் சருகுக்குள் தத்திப் போய் மறைந்தது.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. கிண்டி தேசியப் பூங்கா 1978-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 270 ஹெக்டேர். ஆனால் பொதுமக்களுக்குச் சிறுவர் பூங்கா பக்கம்தான் வழி. பறவையைவிட மானுக்காகப் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் இரவில் பங்குனி ஆமை தேடி நடப்பது தனி அனுபவம். 1988 முதல் மாணவர்கள் நடத்தும் குழு முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிந்தால் ஒருமுறை கட்டாயம் போங்கள்.

யாருக்கு எது? சின்னப் பிள்ளைகளை முதலில் பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போங்கள். பெரிய பறவைதான் அவர்களை இழுக்கும். மற்றவர்கள் முதல் ஒரு வருடம் மாடியில் தினம் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். பைனாகுலர்கூட அவசரமில்லை, நோட்டும் பேனாவும் போதும். அப்புறம் பள்ளிக்கரணைக்கு வருடத்துக்கு மூன்று தடவை போனால் போதும்: மழைக்கு முன், ஜனவரியில், தண்ணீர் வற்றும்போது.

ஜனவரியில் போவதற்குப் பொங்கல் நாட்களே நல்லது. 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் அப்போது பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினாலும் கணக்கில் சேரும். நான் ஆறரைக்கு மாடியில் ஒரு பட்டியல், ஏழரைக்குச் சதுப்பு நிலத்தில் இன்னொரு பட்டியல் என எடுத்து, இரண்டையும் இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடுவேன். வீடு திரும்பும்போது பொங்கல் சூடாக இருக்கும்.