கழிவுநீர்ப் படுகை: கிடையாக ஓடவிடவா, மேலிருந்து இறக்கவா?

செப்டிக் டேங்கிலிருந்து தெளிந்து வரும் நீரைச் செடி நட்ட படுகையில் வடித்துத் தோட்டத்துக்கு விட இரண்டு வகை உண்டு.

கிடைமட்டப் படுகையில் நீர் ஒரு முனையில் நுழைந்து ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து மறுமுனையில் வெளியேறும். ஆழம் சுமார் 60 செ.மீ., அடியில் 1% சரிவு, மோட்டார் வேண்டாம். நீர்மட்டம் மேல்ஜல்லிக்கு 5–10 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ (வளைவு இணைப்பு) வைத்தால் மட்டத்தைக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். வெப்பமான ஊரில் ஆளுக்கு ஏறத்தாழ 3 சதுர மீட்டர். ஐந்து பேருக்கு 15. இடம்தான் இதன் விலை.

நீரை மேலிருந்து இறக்கும் செங்குத்துப் படுகைக்கு ஆளுக்கு 1.2 சதுர மீட்டர் போதும். ஆனால் மேலே துளைக் குழாய்களில் நாளுக்கு நாலைந்து முறை நீரை மொத்தமாகக் கொட்ட வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் மோட்டார் தேவைப்படும். அது மணலில் இறங்கும்போது பின்னாலேயே காற்றும் உள்ளே போகும்; அந்த ஆக்சிஜன்தான் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகிறது. சொட்டுச் சொட்டாக விட்டால் காரியம் கெட்டது. நைட்ரேட்டை நீக்குவதில் கிடைமட்டமே தேவலை. ஆனால் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுபவருக்கு நைட்ரேட் உரம்தானே, ஏன் நீக்க வேண்டும்?

அடைப்புதான் இரண்டுக்கும் எமன். டேங்கில் சகதி அள்ளாவிட்டால் கிடைமட்டத்தில் நுழைமுனை முதலில் அடைக்கும்; அங்கே 40–80 மி.மீ. கல் போட்டிருந்தால் அள்ளிக் கழுவிப் போடலாம். செங்குத்தில் மணல்மேல் குட்டை கட்டும். படுகையை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். கழுவாத மணலைப் போட்டால் இந்தத் தொல்லை சீக்கிரமே வரும்.

கல்வாழை இரண்டிலும் செழிக்கும். கரன்ட் நம்ப முடியாத ஊரில், இடமிருந்தால் கிடைமட்டமே நல்லது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கு மட்டும் இரண்டு நீரும் ஆகாது.