என்.கே. செல்லா, கொலையாளி டி செல்லா?

கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது வருடா வருடம் வரும் கேள்வி இது: என்.கே. (இயற்கைக் கொலையாளி) செல், கொலையாளி டி செல் என்ற இந்த நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் இரண்டுமே நோயுற்ற செல்லைக் கொல்கின்றன, அப்புறம் என்ன வித்தியாசம்?

ஆயுதம் ஒன்றுதான். பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரிச் செல்லின் சவ்வில் துளை போடும். கிரான்சைம் என்ற நொதி உள்ளே புகுந்து அந்தச் செல் தானே சாகும்படி செய்யும். அந்த ஆயுதத்துக்கான மரபணு எப்போது திறக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என்.கே. செல், கவாத்துக் கத்தியைக் கையிலேயே வைத்திருக்கும் ஆள் மாதிரி. மரபணுக்கள் முன்பே திறந்திருப்பதால் சில மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும்.

புது டி செல்லின் கத்தியோ ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. அந்த இடத்து டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் இறுகச் சுற்றியிருக்கும். தனக்குரிய ஆன்டிஜென் என்ற எதிரியின் அடையாளத் துணுக்கைக் கண்ட பிறகுதான் ரன்க்ஸ்3, டி-பெட் போன்ற புரதங்கள் அந்தச் சுருளைத் தளர்த்துகின்றன. சில நாள் பிடிக்கும். ஆனால் சண்டை ஓய்ந்த பின்னும் சில செல்கள் பூட்டை முழுதாகப் போடுவதில்லை. அதே கிருமி மறுபடி வந்தால் உடனே பாய்கின்றன. குன்னூரில் 1907-இல் தொடங்கிய, தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், தடுப்பூசி என்று சொன்னதும் இந்த ஞாபக சக்தியைப் பிடித்துக்கொள்வார்கள்.

டி செல்லுக்குக் குறையும் உண்டு. புற்றுநோயோடு நெடுநாள் மல்லுக்கட்டினால் டாக்ஸ் என்ற புரதம் ஓங்கி, செல் சோர்ந்துவிடும், பி.டி.-1 என்ற பிரேக் அதன் மேல் நிறைந்திருக்கும். 1992-இல் பி.டி.-1-ஐக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோ 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பிரேக்கை மருந்தால் விடுவிக்க முடிகிறது என்பதால், என் ஓட்டு டி செல்லுக்குத்தான்.