வெப்சைட் வைத்திருப்பவர்கள் ஒருமுறை 'வியூ சோர்ஸ்' திறந்து பாருங்கள்

நாட்டு நெல் ரகங்களைப் பற்றி ஏழு வருடமாக என் தளத்தில் எழுதி வருகிறேன். மொத்தம் 61 கட்டுரைகள். எல்லாம் வயலுக்குப் போய், விவசாயிகளிடம் கேட்டு எழுதியவை. இரண்டு வருடத்துக்கு முன் தளத்தைப் புதுசாக வடிவமைக்க ஒரு எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னால் கொண்டுவரும் வேலை) ஆளிடம் 22,000 ரூபாய் கொடுத்தேன். அதற்கு மேல் "கூகுள் ஆசிரியர் பதிவு" என்று வருடத்துக்கு 4,500. "தேடினா உங்க போட்டோவும் பேரும் ரிசல்ட்லயே வரும் மேடம்" என்றார்.

அப்படி ஒரு சேவையே இப்போது கிடையாது. கூகுள் அதை 2011-இல் கொண்டுவந்தது. பக்கத்தின் நிரலில் 'ரெல் ஆத்தர்' ('எழுதியவர் இவர்' என்ற குறி) போட்டு, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் கணக்கோடு இணைத்தால் எழுதியவரின் படம் தேடல் முடிவில் வரும். 2014 ஜூனில் படத்தை எடுத்தார்கள், ஆகஸ்டில் மொத்தமாகவே நிறுத்திவிட்டார்கள். கூகுள் பிளஸ்ஸையும் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். யாராவது இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். போன தை மாதம் ஒரு வாசகி, "அக்கா, உங்க பூங்கார் கஞ்சி கட்டுரையை வேற பேர்ல படிச்சேனே" என்று ஒரு சுட்டி அனுப்பினார். திறந்தால் என் எழுத்து, வரிக்கு வரி. படத்தில் எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு, விளிம்பில் இருக்கும் நெளிசல் உட்பட.

அன்று இரவு என் பக்கத்தில் கண்ட்ரோல்-யூ அழுத்தி, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைப் பார்த்தேன். இதுதான் 'வியூ சோர்ஸ்'. மேலேயே, வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஹெட் பகுதியில், 'லிங்க் ரெல் கெனானிக்கல்' என்று ஒரு வரி. அதில் இருந்த முகவரி என்னுடையதில்லை, அந்தத் தளத்தினுடையது. கெனானிக்கல் என்றால் 'ஒரே விஷயம் பல இடத்தில் இருக்கிறது, இதுதான் மூலப் பக்கம்' என்று தேடுபொறிக்குச் சொல்வது. கூகுளுக்கு அது கட்டளை இல்லை, ஆனால் வலுவான குறிப்பு. வேறு தளத்தைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். அதாவது, 'நான் நகல், அசல் அங்கே இருக்கிறது' என்று என் பக்கமே இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 61 பக்கத்திலும் இதே கதை. அதற்குக் கீழே, எழுதியவர் பெயரைச் சொல்லும் 'மெட்டா ஆத்தர்' என்ற இடத்தில் அந்த எஸ்இஓ ஆளின் கம்பெனி பெயர்.

அடிப்பகுதியில் இன்னொன்று. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒன்பது சுட்டிகள், கடன் ஆப்களுக்கும் சூதாட்டத் தளங்களுக்கும். காசு வாங்கிப் போடும் சுட்டிக்கு 'ஸ்பான்சர்ட்' (காசு வாங்கிப் போட்டது) அல்லது 'நோஃபாலோ' (பின்தொடர வேண்டாம்) என்று சுட்டியின் ரெல் குறியில் குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அது எதுவும் இல்லை. சுட்டியை இப்படி மறைத்து வைப்பதே விதிமீறல். தண்டனை வந்தால் என் தளத்துக்குத்தான் வரும்.

அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது டெம்ப்ளேட்லயே வர்றது மேடம்" என்றார். டெம்ப்ளேட்டில், அதாவது தளத்தின் தயார் வடிவத்தில், கெனானிக்கல் வரும்தான், ஆனால் அது அந்தந்தப் பக்கத்தின் சொந்த முகவரியைக் காட்டும். அடுத்தவர் தளத்தின் முகவரி அதில் தானாக வராது. யாரோ உட்கார்ந்து எழுதினால்தான் வரும். அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சோர்ஸைத் திறந்து 'கெனானிக்கல்' என்று தேடுங்கள், உங்கள் முகவரிதானா என்று பாருங்கள். தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் 'சர்ச் கன்சோல்' கருவியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள் அறிவித்த கெனானிக்கல் எது, கூகுள் தேர்ந்தெடுத்தது எது என்று இரண்டையும் காட்டும். இரண்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எழுதியவர் பெயரைக் குறிக்க எங்கேயும் பதிவு வேண்டாம்: பக்கத்தில் பெயர் போட்டு, உங்கள் அறிமுகப் பக்கத்துக்கு ரெல் ஆத்தரோடு ஒரு சுட்டி கொடுங்கள், காசு செலவே இல்லை. டொமைன், ஹோஸ்டிங் பாஸ்வேர்டுகள் உங்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாப் பக்கத்தையும் திருத்திவிட்டேன். காப்புரிமைப் புகாரும் கொடுத்திருக்கிறேன். கூகுள் தேடலில் 41 கட்டுரைகள் என் முகவரிக்குத் திரும்பிவிட்டன. பூங்கார் கட்டுரையைத் தேடினால் இன்றைக்கும் அவர்கள் தளம்தான் வருகிறது.