நான்கு வருடத்தில் நான் பயன்படுத்திய மாணவர் உதவிகள்: எது தேறியது, எது தேறவில்லை

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, அதுவும் தமிழ்வழி. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிட்டது, வீட்டில் யாரும் கடன் வாங்கவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சேர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்த விமர்சனம். கல்லூரி சென்னைப் புறநகரில் இருக்கிறது, பெயர் வேண்டாம். பக்கத்துக் கல்லூரித் தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் மென்டார், அதாவது வழிகாட்டி ஆசிரியர். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர், மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும், ஃபைலில் எழுத வேண்டும். என் மென்டார் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கே வாரம் முழுக்க வகுப்பு, அதற்கு மேல் அட்மிஷன் வேலை வேறு. தரச்சான்றுக் குழு வருகிறது என்றதும் ஒரே மத்தியானத்தில் எங்களைக் கூப்பிட்டு ஆறு மாதச் சந்திப்புகளையும் எழுதி முடித்தோம். நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதச் சொன்னார், எல்லாம் ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக்கூடாதாம். ஆகஸ்டில் எனக்கு என்ன பிரச்சினை இருந்தது என்று பிப்ரவரியில் யோசித்து எழுதினேன்.

அடுத்து ரெமிடியல் வகுப்பு, பின்தங்கியவர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது. முதல் செமஸ்டரில் எம்-1 என்கிற கணக்குத் தாளில் அரியர். தமிழில் கணக்குப் படித்தவளுக்கு 'ஐகன் வேல்யூ' என்ற சொல்லைக் கேட்டதுமே பாதி உயிர் போய்விடும், கணக்கு அப்புறம். உதவி என்று சொல்லிவிட்டு 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று தலைப்புப் போட்டு எங்கள் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வகுப்பு சாயங்காலம் 4.15-க்கு, கல்லூரி பஸ் 4.30-க்கு. வீட்டிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? விடுதிப் பெண்கள் ஏழு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சொல்லிக்கொடுத்த மேடம் நன்றாகவே நடத்தினார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அரியரை நான் எழுதித் தேறியதற்குக் காரணம் என்பிடெல் வீடியோக்கள்தான், ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் பாடங்கள். பார்க்கக் காசில்லை, நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்குக் கட்டணம், நான் எழுதியபோது 1000 ரூபாய்.

அந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது என்றால் புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு தருவது. 2022 செப்டம்பரில் தொடங்கியது, அப்போது நான் இரண்டாம் ஆண்டு. மாதம் 1000 ரூபாய் நேராக என் வங்கிக் கணக்கில். பெரிய தொகை இல்லை என்று சொல்கிறவர்கள் விடுதியில் மாதக் கடைசியில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். அப்பாவிடம் கேட்காமல் நாப்கின் வாங்கலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம், போன் ரீசார்ஜ் செய்யலாம். பையன்களுக்கும் 2024-ல் இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது, அதுவரை வகுப்பில் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம், கவுன்சலிங். எங்கள் கல்லூரியில் அறை உண்டு, சுவரில் சூரியகாந்தி படம், நல்ல நாற்காலி, செவ்வாயும் வியாழனும் வருகிற ஒரு மேடம். அறை இருக்கும் இடம்தான் கொடுமை. துறைத் தலைவர் அறைக்கு நேர் எதிரே. உள்ளே போகிறவளை ஃபைலில் கையெழுத்து வாங்க நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். வாசலில் ஒரு பதிவேடு: பெயர், பிரிவு, வந்த நேரம், காரணம். எனக்கு மேலே எழுதியிருந்த எல்லாப் பெயர்களையும் நான் படித்தேன் என்றால் எனக்குப் பிறகு வருகிறவள் என்னுடையதைப் படிக்க மாட்டாளா? 'தலைவலி' என்று எழுதிவிட்டு உள்ளே போனேன். மேடம் உண்மையிலேயே நன்றாகக் கேட்டார், நடுவில் கதவைத் தட்டி ஒருவர் ஸ்டேப்ளர் கேட்கும் வரை.

அதன் பிறகு மூன்றாம் செமஸ்டர் முடிவில் ஒரு ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு அடியில் நின்று பேசினேன். எடுத்த அக்கா முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" நான் சாப்பிடவில்லை, அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அறிவுரை எதுவும் சொல்லவில்லை, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, அறையில் உடன் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரே குறை, அடுத்த முறை கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்தார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை, இரண்டாவது முறை சொல்லும்போது அவ்வளவு அழுகை வரவில்லை. அந்த எண்ணை போனில் 'பெரியம்மா' என்று சேமித்து வைத்திருக்கிறேன், விடுதியில் யார் போனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

கடைசி வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. தடுத்ததால் எனக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை, யாரும் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. நேரமாகிப் போனால் இடம் கிடைக்காது, அதனால் காலையிலேயே கிளம்பிவிடுவேன். தெற்கே இருப்பவர்களுக்கு மதுரையில் 2023-லிருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, நான் இன்னும் போனதில்லை.

போன வாரம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, என் கல்லூரியிலேயே முதல் ஆண்டு, அந்தக் கவுன்சலிங் அறைக்குப் போகலாமா அக்கா என்று கேட்டாள். தாராளமாகப் போ என்றேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போ, எதிர் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். பதிவேட்டில் தலைவலி என்று எழுது, மேடத்துக்குப் புரியும்.