வைவாக்ஸ் மலேரியா: 14 நாள் மாத்திரையா, ஒரே வேளை மாத்திரையா?

வைவாக்ஸ்ங்குற மலேரியா வகைக்கு டஃபெனோகுயின்னு ஒரே வேளை மாத்திரை வந்தப்புறமும் ஏன் 14 நாளைக்குப் பழைய ப்ரைமாகுயின் மாத்திரைய எழுதுறாங்கன்னு நெறைய பேர் கேக்குறாங்க. நம்ம டெல்டாவுல மலேரியா இப்ப கம்மிதான், ஆனா மெட்ராஸ், மங்களூர்னு கட்டட வேலைக்குப் போய்ட்டு திருவாரூர், மன்னார்குடி பக்கம் திரும்புற பசங்களோட அது வந்து சேரலாம்.

குளோரோகுயின் 3 நாள் போட்டா ரத்தத்துல உள்ள கிருமி செத்துரும், காய்ச்சலும் நின்னுரும், ஆனா கல்லீரல்ல தூங்குறது சாகாது, வயல்ல கோரைய மேலாப்புல அறுத்துட்டு கெழங்க விட்ட கதைதான், சில மாசம் கழிச்சு திரும்ப குளிர் நடுக்கம். அந்தக் கெழங்குக்குத்தான் ப்ரைமாகுயினும் டஃபெனோகுயினும்.

டஃபெனோகுயினுக்கு 2018ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. பெரியவங்களுக்கு 300 மில்லிகிராம், கண்ணு முன்னாடியே முழுங்க வச்சு அனுப்பிரலாம். ப்ரைமாகுயின்ல அதான் ரோதனை, காய்ச்சல் விட்டதும் பட்டைய அலமாரில போட்டுட்டு நடவுக்குக் கெளம்பிருவாங்க, வெறும் வயித்துல போட்டா வயித்து வலி வேற. ஆனா ஒழுங்கா முழுசா சாப்பிட வச்சுப் பாத்த சோதனையில 6 மாசம் திரும்ப வராம இருந்தவங்க டஃபெனோகுயின்ல சுமார் 62 சதவீதம், ப்ரைமாகுயின்ல சுமார் 70. பழசு ஒண்ணும் சோடை போகல. புதுச இந்தோனேசியா ராணுவ வீரங்களுக்கு ஆர்டிமிசினின் கூட்டு மருந்தோட (அதுவும் ரத்தத்துல உள்ள மலேரியா கிருமிய கொல்ற மருந்துதான்) குடுத்தப்ப சொதப்பிருச்சு, குளோரோகுயின் கூடத்தான் அது சரிப்படுது.

பெரிய தலவலி ஜி6பிடி, அதாவது ரத்த செவப்பணுவ பாதுகாக்குற ஒரு என்சைம். அந்த என்சைம் கொறவா உள்ளவங்களுக்கு ரெண்டு மாத்திரையுமே ரத்த செவப்பணுவ ஒடைக்கும், கர்ப்பிணிங்களுக்கும் ரெண்டும் கூடாது. ப்ரைமாகுயின் சீக்கிரம் ஒடம்ப விட்டுப் போயிரும், மூத்திரம் கருப்பா போனா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். டஃபெனோகுயின் பாதி கொறையவே ரெண்டு வாரம், முழுங்கினா முழுங்கினதுதான்! அதனால என்சைம் இயல்பான அளவுல 70 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு அளந்து பாத்துத்தான் குடுக்கணும், இருக்கு இல்லன்னு மட்டும் சொல்ற டெஸ்ட் பத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2024ல டஃபெனோகுயின சிபாரிசு பண்ணுனதும் தென் அமெரிக்காவுக்கு மட்டுந்தான்.

புனேல தயாராகுற ஆர்21 மலேரியா தடுப்பூசி போட்டுக்கலாமேன்னா, அது ஃபால்சிபாரம்ங்குற இன்னொரு மலேரியா வகைக்கு, வைவாக்ஸுக்கு இல்ல.

என்னக் கேட்டா அளக்குற மிஷின் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வர்ற வரைக்கும் ப்ரைமாகுயின்தான், நர்சம்மா தெனமும் ஒரு எட்டு பாத்துட்டுப் போனா போதும். தெனசரி டோஸ ரெட்டிப்பாக்கி 7 நாள்ல முடிக்கிற மொறையும் இருக்கு, ஆனா அதுக்கும் ஜி6பிடி பாக்காம கை வைக்கக் கூடாது.