ஊர்த் தளங்களுக்குள் நுழைய எந்த வழி: கடை விபிஎன், மும்பை சர்வர், அப்பா வீட்டு இணைப்பு, அல்லது பழைய சிம்?

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம். அப்பா பெயரில் கட்ட வேண்டிய ஒரு தொகைக்காக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் அரசுத் தளத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம், அவ்வளவுதான். "உனக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கும்பகோணத்தில் அப்பா அதே முகவரியைத் தன் போனில் தட்டினார், உடனே வந்தது. "இங்க நல்லாத்தானே வருது, உன் ஊரு நெட்டுதான் சரியில்ல" என்றார். ஜெர்மனி நெட்டைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது வேறு கதை.

அதற்கப்புறம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களை இப்படி வாசலிலேயே நிறுத்தும் இந்தியத் தளங்களுக்குள் நுழைய நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டேன். நான்கும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் தோன்றும், ஆனால் அப்படியில்லை. எது யாருக்குப் பொருந்தும் என்பது, எதிர்முனையில் இருக்கும் தளம் உங்களிடம் எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதை ஒரு தளம் உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்குத் தரப்படும் எண்ணை, வைத்து ஊகிக்கிறது. எந்த முகவரி எந்த நாட்டுக்கு உரியது என்ற பட்டியலை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நாடு மட்டும் இருக்காது. வீட்டு இணைப்பா, மொபைலா, சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டரா என்பதும் இருக்கும். அரசுத் தளங்கள் பெரும்பாலும் நாட்டோடு விட்டுவிடும். ஓடிடிக்காரர்கள் இரண்டாவதையும் பார்ப்பார்கள், ஏனென்றால் கிரிக்கெட்டையும் படத்தையும் நாடு நாடாகப் பிரித்து உரிமை வாங்கியிருக்கிறார்கள். போன் செயலி என்றால் ஜிபிஎஸ், சிம், பிளே ஸ்டோர் கணக்கு எந்த நாட்டுடையது என்பது வரை போகும். விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை வேறோர் இடத்து சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு; அது மாற்றுவது ஐபி முகவரியை மட்டும்தான். இது புரியாமல் காசைக் கட்டிவிட்டுத் திட்டுபவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருவன்.

கடையில் வாங்கும் விபிஎன்

எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். ஐந்து நிமிட வேலை. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் செயலி உண்டு. பட்டியலில் "இந்தியா" என்று ஒரு கொடி, அதை அழுத்தினால் முடிந்தது.

அந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்குக் கொடுத்த ஐபி போன்ற விவரங்களை 5 வருடங்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. "நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை" என்று சொல்லியே வியாபாரம் செய்பவர்கள் இதற்கு எப்படித் தலையாட்டுவார்கள்? எக்ஸ்பிரஸ்விபிஎன் அந்த ஜூன் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் அதே வருடம் பின்னாலேயே போயின. ஜூன் கடைசியில் நடைமுறைக்கு வரவேண்டிய ஆணை இவர்கள் விஷயத்தில் செப்டம்பர் 25 வரை தள்ளிப்போனது, ஆனால் போனவர்கள் போனவர்கள்தான்.

அப்படியானால் பட்டியலில் உள்ள இந்தியா எது? சர்வர் வேறு நாட்டில் இருக்கும், அதற்கு இந்தியாவுடையது என்று பதிவான ஐபி முகவரியைக் கொடுத்திருப்பார்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் இந்திய முகவரிகளை சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்து இயக்குவதாக அப்போதே அறிவித்தது. சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால் ஸ்டுட்கார்ட்டில் கிளம்பும் தகவல் இந்தியாவைத் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பிச் சென்னைக்கு வரும். கும்பகோணம் போக வேண்டியவன் தூங்கிப்போய் நாகப்பட்டினம் வரை போய்த் திரும்பும் பஸ்ஸைப் பிடித்த மாதிரி. படம் பார்க்க இது பெரிய குறையில்லை. படிவம் நிரப்பும் தளத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் உறைக்கும்.

வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை கூட்டம். அதே முகவரியில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். அதனால் ஓடிடி தளங்கள் அந்த முகவரியை எளிதில் கண்டுபிடித்து மூடிவிடுகின்றன. நிறுவனம் புதிய முகவரி போடும், அதுவும் சில நாளில் மூடப்படும். இந்த ஆடுபுலி ஆட்டத்தில் நீங்கள் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். வங்கிக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். காலையில் ஜெர்மன் முகவரி, மாலையில் ஆயிரம் பேர் பகிரும் இந்திய முகவரி என்று மாறி மாறி உள்ளே போனதில் என் கணக்கை ஒருமுறை பூட்டிவிட்டார்கள். திறக்கக் கிளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். 7,000 கிலோமீட்டருக்கு மேல்!

இலவச விபிஎன்களில் பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றதைத் தொடாதீர்கள். உங்கள் போக்குவரத்து முழுவதும் அவர்கள் கை வழியாகத்தான் போகிறது, சம்பாதிக்க அவர்களுக்கும் வழி வேண்டுமே.

மும்பையில் ஒரு வாடகை சர்வர்

கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் அடுத்து இறங்குவது இதில். அமேசானின் மும்பை மையம் 2016 முதல் இருக்கிறது, பெங்களூரில் டிஜிட்டல்ஓஷன் இருக்கிறது. மாதம் 5, 6 டாலரில் ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதில் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவினால் உங்களுக்கே உங்களுக்கான விபிஎன் தயார். வயர்கார்ட் 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்ளேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டதால் அரை மணி நேரத்தில் முடியும்.

முகவரி உண்மையிலேயே இந்தியாவில் இருக்கிறது, வேறு யாரும் பகிர்வதில்லை, தினமும் மாறுவதுமில்லை. நான் ஆரம்பத்தில் சொன்ன அரசுத் தளம் முதல் முயற்சியிலேயே திறந்தது. ஆனால் பட்டியலில் அது "டேட்டா சென்டர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஓடிடி கதவு இங்கே அடைபட்டுவிடும். சர்வரைப் புதுப்பித்துப் பாதுகாப்பதும் உங்கள் தலையில்தான். செர்ட்-இன் ஆணை வாடகை சர்வர் தருபவர்களுக்கும் பொருந்தும் என்பதால், மறைந்திருக்க நினைப்பவர்களுக்கு இது இடமில்லை. எனக்கு அதில் கவலையில்லை. அரசுக்குப் பணம் கட்டத்தானே போகிறேன், முகமூடி எதற்கு?

அப்பா வீட்டு ரவுட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி

இப்போது நான் பயன்படுத்துவது இது. ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினி, அல்லது பரணில் கிடக்கும் பழைய லேப்டாப், அல்லது ஆப்பிள் டிவி போதும். அதில் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியைப் போட்டு "வெளியேறும் முனை" என்று குறித்துவிட்டால், ஸ்டுட்கார்ட்டில் நான் தட்டுவதெல்லாம் கும்பகோணம் வீட்டு இணைப்பு வழியாக வெளியே போகும். சொந்தப் பயன்பாட்டுக்குக் காசில்லை. எதிர்முனைக்கு நான் ஊரில், அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். முகவரி வீட்டு இணைப்புடையது, கடை விபிஎன்னில் இருக்கும் கூட்டம் இதில் இல்லை. கடை விபிஎன்னை முகம் சுளித்துப் பார்த்த தளங்கள்கூட இதைக் கேள்வி கேட்கவில்லை.

ஏன் சாதாரண வயர்கார்ட் இல்லாமல் டெய்ல்ஸ்கேல்? இந்தியாவில் பல நிறுவனங்கள் வீட்டுக்குத் தனி ஐபிவி4 முகவரி (பழைய வகை ஐபி) தருவதில்லை, பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் அடுக்கிவிடுகின்றன. வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஜெர்மனியில் கேபிள் இணைப்புகள் பலவற்றிலும் இதே கதை. டெய்ல்ஸ்கேல் இரண்டு பக்கமும் உள்ளிருந்தே கதவைத் திறக்க வைத்து நடுவில் சந்திக்கச் செய்கிறது. அது முடியாவிட்டால் தன் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும், அப்போது ஆமை வேகம்தான். இரண்டு வீட்டிலும் ஐபிவி6 (புதிய வகை ஐபி) இருந்தால் பெரும்பாலும் நேரடி இணைப்பு கிடைத்துவிடும்.

பார்க்க வேண்டிய இன்னொன்று, ஊர் வீட்டின் பதிவேற்ற வேகம். நீங்கள் இங்கே படம் பார்த்தால் அது அங்கிருந்து உங்களுக்குப் பதிவேற்றம் ஆகிறது. ஃபைபர் இணைப்பு என்றால் கவலையில்லை. பழைய தொலைபேசிக் கம்பி வழி வரும் இணைப்பு என்றால் மறந்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்த நாட்களில் எல்லாமே தவழ்ந்தது, அதற்கு இங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது.

தொழில்நுட்பத்தைவிட வீட்டு நிர்வாகம்தான் கஷ்டம். முதல் வாரம் தினமும் இந்திய நேரம் இரவு பத்தரைக்கு இணைப்பு அறுந்தது. இரண்டு நாள் பெட்டியின் பதிவுகளைப் படித்தேன், ரவுட்டர் அமைப்பை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. படுக்கப் போகும்முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது முப்பது வருடப் பழக்கம். "ராத்திரி முழுக்கப் பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்குடா, கரண்டு வீண்தானே" என்றார். சுவிட்சுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். கரண்ட் போனால் தாங்க ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்தோம். இதையெல்லாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே செய்துவிடுங்கள். வீடியோ காலில் அப்பாவிடம் "அந்த மூணாவது ஒயரைப் பிடுங்குங்க, இல்லப்பா, அது இல்ல" என்று சொல்லிப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. அந்த இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது. அதன் வழியாகப் போகும் ஒவ்வொன்றுக்கும் போலீஸ் முதலில் கேட்பது அவரைத்தான். கூட வேலை பார்ப்பவர் "எனக்கும் கொஞ்சம் கொடேன், ஐபிஎல் பார்க்கணும்" என்றால் பல்லைக் காட்டி மழுப்பிவிடுங்கள். ஓடிடி விதிகளும் பொதுவாக இப்படி நாடு மாற்றிப் பார்ப்பதை அனுமதிப்பதில்லை, கணக்கை முடக்கினால் வாதாட இடமில்லை.

மேசை இழுப்பறையில் கிடக்கும் இந்திய சிம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. இந்திய சிம்மை வெளிநாட்டில் ரோமிங்கில் போட்டு டேட்டாவை இயக்கினால், வழக்கமாக உங்கள் போக்குவரத்து இந்திய நிறுவனத்தின் மையத்துக்குப் போய்த்தான் இணையத்துக்குள் நுழைகிறது. அதாவது விபிஎன் எதுவும் இல்லாமலே உங்களுக்கு இந்திய மொபைல் முகவரி. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது தளத்தில் படிவம் போட வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நாள் ரோமிங் பேக் போதும், பெட்டியும் வேண்டாம் சந்தாவும் வேண்டாம். படம் பார்க்க இதை எடுத்தால் திவால்தான்.

அந்த சிம் இன்னொரு காரணத்துக்காகவும் உயிரோடு இருக்க வேண்டும். ஓடிபி. எந்த விபிஎன்னாலும் ஒரு ஓடிபியைக் கொண்டுவர முடியாது. யூபிஐ செயலி பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போயாக வேண்டும், முகவரி எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ வழிவிட்டது. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங், வளைகுடாவில் நான்கு நாடுகள் என முதலில் பத்து, பிறகு மலேசியாவும் பிரான்சும் சேர்ந்தன. அந்தப் பன்னிரண்டில் ஜெர்மனி இல்லை. ரைன் நதியைத் தாண்டிப் பிரான்சுக்குப் போனால் யூபிஐ, தாண்டாவிட்டால் சிம்.

வங்கி பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியேறிவிட்டு, உள்ளூர்வாசி சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றாமல் விபிஎன் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்குண்டு. அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விஷயம், ஐபி முகவரியின் விஷயமே இல்லை. கணக்கை மாற்றிவிட்டால் பல வங்கிகள் ஜெர்மன் முகவரியிலிருந்தே சாதாரணமாக உள்ளே விடுகின்றன. எனக்கு அதற்கு விபிஎன்னே தேவைப்படவில்லை.

வளைகுடாவில் இருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டம், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது. குறைந்தபட்சமே ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். ஊர்த் தளத்தில் வரி கட்டுவது குற்றமில்லைதான். அதே விபிஎன்னில், அங்கே தடுக்கப்பட்ட வாட்ஸ்அப் காலும் பேசினால் கதை மாறலாம். அங்கே இருந்தால் நான் ரோமிங் சிம்மோடு நிறுத்திக்கொள்வேன்.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு: தினசரிக்கு அப்பா வீட்டுப் பெட்டி, ஓடிபிக்கு பழைய போனில் இந்திய சிம். மும்பை சர்வரைப் போன மாதம் மூடிவிட்டேன், கடை விபிஎன் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. தட்கலுக்கு மட்டும் இதில் எதுவும் உதவவில்லை. ஏசி தட்கல் திறக்கும் காலை பத்து மணி, குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை ஐந்தரை. 2025 ஜூலையிலிருந்து ஆதார் ஓடிபி வேறு வேண்டும், அது அப்பா போனுக்குத்தான் வரும். நான் எழுந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவரே டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார்.